முட்டைக்காரர் சொல்லும் சாலை நிலவரம்

வண்டியின் பின்கதவைத் திறந்து, முட்டைகளை அட்டை அட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உடைந்ததை எண்ணி முடித்த பிறகுதான் கைபேசியை எடுக்கிறார். நடுவில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. இடது கையில் ஒரு விரல் மட்டும் உயரும். ‘இருங்க’ என்று அர்த்தம். எண்ணிக்கை தவறிவிட்டால் மறுபடியும் முதல் அட்டையிலிருந்து ஆரம்பிப்பார். காலை ஆறேகாலுக்கு எங்கள் குடியிருப்பின் நூற்று நாற்பத்து மூன்று வீடுகளிலும் அவர் குரல் வந்து விழும்.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நாலு போச்சு. பெரிய தெருவுல தையல்கடை வாசல்ல ரெண்டு. மருந்துக்கடை வளைவுல ஒண்ணு. பள்ளிக்கூடத் தெருவுல ஜல்லி கொட்டி வச்சிருக்காங்க, அங்க ஒண்ணு. ரோலர் இன்னும் வரல. பின்சந்து, ஒண்ணுமில்ல. ஸ்கூட்டர்ல போறவங்க இடது பக்கமா போங்க.”

அவ்வளவுதான். வாழ்க வளமுடன் கிடையாது, பூப்படம் கிடையாது. எத்தனை முட்டை உடைந்ததோ அவ்வளவு மோசம் அந்தத் தெரு. எந்த இடத்தில் உடைந்தது என்பது ஓட்டும்போதே அவர் காதில் விழுந்துவிடும்.

இந்த வழக்கம் வந்த கதை பெரிதல்ல. தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று எங்கள் தெருக்களை இரண்டு முறை தோண்டி, இரண்டு முறையும் அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். சாலை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ‘பணி நடைபெறுகிறது’ என்ற ஒரே வரி வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. எந்தத் தெரு திறந்திருக்கிறது, எங்கே புதுக்குழி என்று ஒருவருக்கும் தெரியாது. முட்டை தாமதமானதற்குக் காரணம் சொல்ல, இவர் நாலு வாடிக்கையாளருக்குக் குரல்செய்தி அனுப்பினார். அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். கடைசியில் சாலைப் பொறியாளரே காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலையாட்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிறார் என்று ஆகிவிட்டது.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தொட்டிருப்பார். வண்டி ஓட்டும்போது இடது காலில் செருப்பு இருக்கும், வலது காலில் இருக்காது. “பிரேக் மிதிக்கிற காலுக்குச் செருப்பு போட்டா ரோடு பேசறது கேக்காதுங்க” என்பார். அந்த மூன்று சக்கர லோடு வண்டியில் வேகம் காட்டும் முள்ளின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் கண்ணாடிக்குக் கீழே ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்குள் ஒற்றை முட்டை. அது டம்ளரில் மோதி ‘டிங்’ என்றால் வேகம் அதிகம் என்று பொருள். “டிரைவர் அவருதாங்க. நான் சும்மா புடிச்சிட்டு இருக்கேன்.”

யார் பெயரும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. வாங்குகிற முட்டைதான் பெயர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர், ‘ஒரு அட்டை சார்’. தையல்கடை அம்மாள் ‘பன்னெண்டு’. முட்டையே வாங்காத அந்தப் பொறியாளர்ப் பெண் ‘வாங்காத மேடம்’. நான் ‘ஆறு முட்டை அம்மா’. என் பெயர் அச்சில் வந்த பத்திரிகையை ஒருமுறை பெருமையாக நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓ, ஆறு முட்டை எழுதுனதா” என்றார். இத்தனை வருடமாக எழுதி நான் சம்பாதித்த பெயர் அதுதான். அவர் மட்டும் முட்டை தொடமாட்டார். “தினம் மூஞ்சியப் பாத்துப் பழகிட்டோம், எப்படிங்க திங்கறது?”

பெரிய தெருவில் வீடும் முட்டைக் கிடங்கும் ஒன்றாக இருக்கிறது. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். மனசு அதைவிடப் பெரிது. “இந்த மனுஷன் என்கிட்ட பேசறதவிட முட்டைங்ககிட்ட பேசறதுதான் ஜாஸ்தி. அதுங்க எதிர்த்துப் பேசாதில்ல, அதான்” என்பார், அவர் காதுபடவே. அவரும் கேட்டுக்கொண்டே அட்டை அடுக்குவார்.

இவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சமல்ல. அதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் குடியிருப்பது பின்சந்தில். முட்டுச்சந்து, முப்பத்தொரு வீடு. உள்ளே வேலையில்லாதவர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழாய்க்காரர்கள் தோண்டிய தோண்டலில் சாக்கடை மூடிகள் உடைந்து, ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மண்மேடுமாகக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். வலது கால் மரத்துப்போய், சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடந்தது. “நாலு மாசத்துக்குள்ள காலப் பழக்கிடணும். வாரம் மூணு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. விட்டுட்டீங்கன்னா அப்புறம் இவ்வளவுதான்” என்றார் டாக்டர். ‘இவ்வளவுதான்’ என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அன்றிரவே நாள்காட்டியில் நாலு மாதத்தை எண்ணி வட்டம் போட்டேன்.

முதல் நாள் ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு குழிக்கும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதைப் பார்த்து, பாதி வழியில் திரும்பிவிட்டோம். மறுநாள் காலையில் முட்டைக்காரர் வாசலில் நின்றார். “சாரை நான் கூட்டிட்டுப் போறேன்மா. நம்ம வண்டி குலுங்காது.” வண்டிக்குள் காலி அட்டைகளை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, மேலே மெத்தை விரித்திருந்தார். பத்து நிமிட வழிக்கு முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள், சிலர் எட்டிப் பார்த்துத் திட்டினார்கள். “திட்டட்டும்மா, அவங்க லோடு வேற, நம்ம லோடு வேற” என்றார். போய்ச் சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, “தூங்கிட்டேன்டி.” நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் வண்டி சந்து முனையோடு நின்றுவிடும். உள்ளே வராது. “முட்டையே போகாத இடத்துல முதுகெலும்பு போகுமாம்மா?” என்று கேட்டார். நியாயம்தான். எங்கள் முப்பத்தொரு வீட்டு முட்டையையும் அவர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் ஏந்தி நடந்துதான் கொடுத்து வந்தார். ஆகவே வீட்டிலிருந்து முனைவரை என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் மூன்று வாரம் முகம் சுளிக்காமல் தூக்கினார்கள். அதற்குமேல் அவரவருக்கும் வேலை இல்லையா, இடுப்பு இல்லையா? வாரம் மூன்று நாள் என்பது இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான் நாள்காட்டி பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் குடியிருப்புத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். ஒரு தெருவை இந்த மாதமே முழுதாகச் சீரமைப்பார்களாம். மற்றவை அடுத்த வருடம். எந்தத் தெரு என்பதை நாங்களே முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பெரிய வரைபடம் மாட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அவரவர் விரும்பும் தெருவில் ஒட்ட வேண்டியது.

இடையில் செயலாளர் ஒரு காரியம் செய்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். மூன்று மாதமாக வந்த குரல்செய்திகளை உட்கார்ந்து கேட்டு, கூட்டி, பட்டியலாக எழுதி மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். பெரிய தெரு, இருநூற்றுப் பதினொன்று. பள்ளிக்கூடத் தெரு, தொண்ணூற்றாறு. பின்சந்து, சைபர்.

கண்ணாடிக்கு முன்னால் நின்ற என்னிடம் தையல்கடை அம்மாள், “உங்க சந்து பரவால்லையே, குடுத்து வச்சவங்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டேன். “அங்க வந்து பாத்தீங்களா சார்?”

“ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாசலத்தாம்மா மோசம்ன்னு சொல்றாங்க. யாரு பேச்ச நம்பறது? முட்டைக்காரருக்கு எந்தத் தெருவும் சொந்தமில்ல. அவரு எண்ணிச் சொல்றாரு.”

முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அவர் வாசலில் நின்று ஆறு முட்டையை என் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தபோது, குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“அண்ணே, எங்க சந்துல இதுவரைக்கும் எத்தன உடைஞ்சிருக்கு?”

“ஒண்ணுகூட இல்லம்மா.” முகத்தில் பெருமை. “பதினோரு வருஷமா இந்தச் சந்துல ஒரு முட்ட விட்டதில்ல.”

“எப்படிண்ணே?”

“அதான் வண்டியே உள்ள விடறதில்லையே. விட்டா ஒண்ணு மிஞ்சுமா?”

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். ஆறாவது முட்டை கையிலேயே இருந்தது. சந்தைத் திரும்பிப் பார்த்தார். முனைவரை பார்த்தார். “அப்ப மூணு மாசமா நான் என்னம்மா சொல்லிட்டு இருந்திருக்கேன்” என்றார், என்னிடம் கேட்பதாகத் தெரியவில்லை.

“ஒரு வாய்ஸ் போட்டுடுங்கண்ணே. பின்சந்துதான் ரொம்ப மோசம்ன்னு ஒரே ஒரு வார்த்த. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

அவர் தலையாட்டினார்; ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. “எண்ணாம சொன்னா அது என் ஆசைம்மா. ஆசையச் சொல்லவா காலங்காத்தால எல்லாரையும் எழுப்பறேன்?” முட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபமான கோபம். இவ்வளவு செய்தவர் ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் படுத்தபடியே, “விடுடி, அந்த மனுஷன் அப்படி இருக்கறதாலதான் நம்ம அவர நம்பறோம்” என்றார். அடுத்த மூன்று நாளும் குரல்செய்தியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒரே ஒரு மாற்றம்தான். ‘பின்சந்து, ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவந்தவர், ‘பின்சந்து, போகல’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை, நன்றாக விடிந்த பிறகு, சந்துக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. நாங்கள் மறந்தே போயிருந்த சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். முட்டைக்காரரின் வண்டி முழுச் சுமையோடு வந்துகொண்டிருந்தது. ஊர்ந்து வரவில்லை. எல்லா வண்டியும் எந்த வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில், குழியில் இறங்கி, மேட்டில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து வந்தது. அவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாடை மட்டும் இறுகியிருந்தது. உள்ளே நடப்பது எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காதா? சந்தின் கடைசிச் சுவர்வரை போய், திருப்பி, அதே வேகத்தில் வெளியே போனார். பின்கதவின் இடுக்கிலிருந்து மஞ்சள் கோடு ஒன்று கல்லெல்லாம் சொட்டிக்கொண்டே போயிற்று. முனையில் இறங்கி, கதவைத் திறந்தவர், கொஞ்ச நேரம் அட்டைகளைத் தொடாமல் நின்றார். பிறகு எண்ண ஆரம்பித்தார். அன்றைக்கு எண்ணி முடிக்க எட்டரை ஆகிவிட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு பின்சந்துக்கு மட்டும் போனேன். முப்பது அட்ட லோடு. எல்லாரும் போற வேகம், கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நூத்திப் பன்னெண்டு போச்சு. இதுவரைக்கும் ஒண்ணுமில்லன்னு சொன்னது என் தப்புங்க. அங்க நான் வண்டியே விட்டதில்ல. நடந்து போயிட்டு வந்து சொல்லியிருக்கேன். மன்னிச்சுக்குங்க.”

பத்து மணிக்கு மண்டபத்தில் இதே பேச்சு. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வேணும்ன்னே உடைச்சிட்டு வந்தா, அத எப்படிங்க கணக்குல சேக்கறது?” என்றார்.

முட்டைக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். சட்டைக் கையில் மஞ்சள் காய்ந்திருந்தது. “உடைக்கல சார். போனேன், உடைஞ்சுது.”

“இத்தன நாள் போகலையே. இன்னிக்கு வேணும்ன்னேதான போனீங்க?”

“ஆமா சார். மூணு மாசமா வேணும்ன்னேதான் போகாம இருந்தேன். அத மட்டும் சேத்துட்டீங்களே.”

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டைக்காரரைப் பார்த்தார், கடையிலிருந்து கொண்டுவந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். கெட்ட எண்ணம் இல்லாதவர் என்று முன்பே சொன்னேன். “மாத்திடுங்க மேடம்” என்றார். வாக்கெடுப்பை நடத்த வந்திருந்த பொறியாளர் சைபரை அடித்துவிட்டுப் பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். தையல்கடை அம்மாள், “இங்க உக்காந்து என்ன பேச்சு, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாமே” என்று எழுந்தார். அவரோடு ஐம்பது அறுபது பேர் எழுந்து எங்கள் சந்துக்கு நடந்து வந்தார்கள். ஒரே குடியிருப்பில் பல வருடமாக இருப்பவர்களில் பாதிப் பேர் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து வந்த தையல்கடை அம்மாள், என் வாசலில் இருந்த நாற்காலியையும் அதில் கட்டியிருந்த தூக்குக் கயிறுகளையும் பார்த்தார். என் தோளில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பொட்டுகளை எண்ணியபோது பின்சந்து அறுபத்து நாலு. பெரிய தெரு ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூடத் தெரு பத்தொன்பது. பெரிய தெருவின் ஐம்பத்து மூன்று பொட்டுகளில் ஒன்று, முட்டைக் கிடங்கின் வாசலுக்கு நேராக ஒட்டியிருந்தது. “என்னண்ணே இது?” என்று கேட்டேன். “வீட்டுக்கு ஒண்ணுதானம்மா. அத அவ வச்சிருந்தா” என்றார். அண்ணி பக்கத்திலேயே இருந்தார். “பின்ன? இவரு சந்துக்கு முட்டைய ஒடச்சாரு. நானும் சந்துக்குப் போட்டா எங்க வாசலுக்கு யாரு போடுவா?” என்றவர், தணிந்த குரலில், “உன் வீட்டுக்காரருக்கு எப்பம்மா அடுத்த பயிற்சி? நாற்காலி தூக்க நானும் வரேன்” என்றார். இப்படியும் மனிதர்கள் நமக்கு வாய்க்கிறார்கள். நாம் என்ன புண்ணியம் செய்தோமோ.

மூன்று வாரத்தில் சாக்கடைக்கு மூடி வந்தது, ஜல்லி வந்தது, ரோலர் வந்தது, தார் வந்தது. அதுவரை அண்ணியும் தையல்கடை அம்மாளும் செயலாளருமே முறைபோட்டுக்கொண்டு வந்து நாற்காலிக்குக் கை கொடுத்தார்கள். தார் காய்ந்த பிறகு வண்டி எங்கள் வாசலுக்கே வந்தது. வாரம் மூன்று நாள், ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போதும் ஆறேகாலுக்குக் குரல் வருகிறது. பெரிய தெருவில் இன்னும் தினம் மூன்று நாலு போகிறது; அதைச் சொல்லும்போது பின்னணியில் அண்ணியின் குரலும் கேட்கிறது.

போன மாதம் ஒரு காலை, வண்டி வரும் நேரத்தில் என் வீட்டுக்காரர் முட்டைக்காரரிடம் கைபேசியில் பேசினார். “வாசலுக்கு வராதீங்க. முனையிலயே நில்லுங்க. நான் வரேன்.” ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். முனைவரை அறுபது தப்படி இருக்கும். கூட வரக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. வாசற்படியில் நின்றுகொண்டு பார்த்தேன். முட்டைக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, பாதிவழி வந்து, அங்கேயே நின்றுகொண்டார். இருபதாவது தப்படியில் என் வீட்டுக்காரரின் கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முட்டைக்காரர் அசையவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவரைத் தாண்டிப் போனபோதும் அந்தக் கைகள் பிரியவில்லை. ஓரடி பின்னால், அதே நடையில், அப்படியே நடந்து போனார். என் வீட்டுக்காரரின் கை வண்டியின் கம்பியைத் தொட்டது. அதன் பிறகுதான் முட்டைக்காரர் கைகளைப் பிரித்து முன்னால் கொண்டுவந்து, வியர்த்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.